ஆதிச் சபையில் விதவைகளுக்கு உதவி: சில கேள்விகள்

முதல் கிறிஸ்தவர்களின் எருசலேம் சபையில் விதவைகளை வைத்துத் தகராறு வந்ததே, பணம் பற்றாமலா?

பற்றாக்குறை என்று பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் சொல்லவில்லை. பங்கீடுதான் பிரச்சினை. கிரேக்கம் பேசும் யூத விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டார்கள். அவர்கள் தரப்பு முறுமுறுத்தது. உடனே ஏழு பேரை நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்னவர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

விதவை என்றாலே உதவி கிடைத்துவிடுமா?

கிடைக்காது. பைபிளில் உள்ள 1 தீமோத்தேயு கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தைப் படித்தால், இன்றைய உதவித்தொகை விண்ணப்பம் போலவே இருக்கும். 60 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரே கணவருக்கு மனைவியாக இருந்திருக்க வேண்டும், பிள்ளைகளை வளர்த்து, அந்நியரை உபசரித்து, பரிசுத்தவான்களின் (சக விசுவாசிகளின்) கால்களைக் கழுவியிருக்க வேண்டும். பிள்ளையோ பேரனோ இருந்தால் முதல் பொறுப்பு அவர்களுடையது. காரணத்தையும் கடிதம் மறைக்கவில்லை: சபைக்குப் பாரம் ஏறக்கூடாது, திக்கற்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இளம் விதவைகளை உதவி பெறும் விதவைகளின் ஏட்டில் சேர்க்காதே, மறுமணம் செய்துகொள்ளட்டும் என்கிறது அதே கடிதம். சரி, மறுமணத்துக்கு வழியில்லாதவள் சோற்றுக்கு என்ன செய்வாள்? அங்கே பதில் இல்லை. 3-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த ‘திதஸ்காலியா’ என்ற சபை ஒழுங்கு நூல் இதைக் கொஞ்சம் சரிசெய்தது. வயது வரம்பை 50 ஆக்கியது. இளையவர்களை ஏட்டில் சேர்க்காவிட்டாலும் உதவி செய்யச் சொன்னது.

பணம் எங்கிருந்து வந்தது? தசமபாகமா (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கா)?

விருப்பக் காணிக்கைதான். ரோமில் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது வசதியுள்ளவர்கள் மனமிருந்ததைக் கொடுத்தார்கள் என்று 150-களில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதுகிறார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் மாதம் ஒருமுறை பெட்டியில் போடுவார்கள், கட்டாயமில்லை என்கிறார் அவ்வூர்க் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன்.

ஆனால் யார் கொடுத்தாலும் வாங்கிவிட முடியாது. எடையில் ஏமாற்றுபவன், அடிமைகளைப் பட்டினிபோட்டு அடிப்பவன் ஆகியோரின் காசைத் தொடாதே, அதற்குப் பசியால் சாவதே மேல் என்று சபைத் தலைவரான ஆயருக்குச் சொல்கிறது திதஸ்காலியா. (சாகப்போவது ஆயர் அல்ல, விதவை என்பது வேறு விஷயம்.)

ரொக்கமாகவா, பொருளாகவா?

இரண்டும் உண்டு. 303-இல், ரோமப் பேரரசன் தியோக்லேசியன் காலத்தில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் (இன்று அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன்) அதிகாரிகள் சபை வீட்டைச் சோதனையிட்டுக் கண்டதையெல்லாம் எழுதிவைத்தார்கள். வெள்ளிப் பாத்திரங்களோடு பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, பெண்கள் செருப்பு 47 ஜோடி, ஆண்களுடையது 13. யாருக்காகச் சேர்த்துவைத்தார்கள் என்று பட்டியல் சொல்லவில்லை. ஆனாலும் ஏழைப் பெண்களுக்குக் கொடுக்கத்தான் என்று ஊகிப்பதில் தவறில்லை.

எத்தனை பேர் பயனடைந்தார்கள்?

251 வாக்கில் ரோம ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதப்படி, அங்கே விதவைகளும் ஏழைகளுமாக 1,500-க்கு மேல். சபைப் பணியில் இருந்த மூப்பர்கள் 46, உதவிக்காரர்கள் (டீக்கன்கள்) 7 பேர்தான். 4-ஆம் நூற்றாண்டு இறுதியில் அந்தியோகியாவில் விதவைகளும் கன்னியருமாக 3,000 பேருக்குத் தினமும் படியளந்ததாக அங்கே போதகராக இருந்த யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கத்தில் சொல்கிறார். இத்தனைக்கும் சபையின் வருமானம் ஊரில் ஒரே ஒரு சாதாரணப் பணக்காரனுடைய வருமானம்தானாம்.