ஊட்டியில் முதலாண்டு மாணவி எங்கே தங்கலாம்?

கூடலூரிலிருந்து மகளை ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்கு அனுப்புகிறீர்கள். விடுதியா, வாடகை அறையா என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் போய்வரும் யோசனையை விட்டுவிடுங்கள். சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை, பிள்ளை பஸ்ஸிலேயே களைத்துவிடுவாள்.

முதலில் அரசு நல விடுதிக்கு விண்ணப்பியுங்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. பெண்களுக்கு அது பொருந்தாது. சாதி, வருமானச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வையுங்கள். சேர்க்கை நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும்.

இடம் கிடைக்காவிட்டால்தான் வாடகை அறை. நண்பகலில் போய்ப் பாருங்கள், வெயில் உள்ளே விழுகிறதா என்று. அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். நான் அதைச் செய்யாமல் குடிபோனேன். ஜூலை மழையில் நோட்டுப் புத்தகமெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. வெந்நீர் போடும் மின்கட்டணம் யார் தலையில் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஏப்ரல், மே சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்காக அறையைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. என்னைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு கிளப்பினார்கள். 11 மாத ஒப்பந்தத்தில், சீசனிலும் இருக்கலாம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.