டிஸ்பிலியோ தூண்கள் – கடிதம்

சார், வணக்கம். கிரீஸ்ல மரத்தூண் நட்டுக் கட்டின டிஸ்பிலியோங்கிற பழைய ஏரிக்கரை ஊரோட வயசை வருஷம் உட்பட சொல்லிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. கார்பன் டேட்டிங்னாலே நூறு வருஷம் முன்னபின்ன இருக்கும்னுதானே படிச்சிருக்கோம். 7000 வருஷப் பழசுக்கு எப்படி ஒத்தை வருஷம்? மிகைன்னு படுது.

– வாசகர், திருச்சி

வணக்கம்,

கார்பனை மட்டும் நம்பினா நீங்க சொல்றது சரிதான். இங்க முதல் வேலை மரவளையத்தோடது, அதாவது மரத்துக்குள்ள வருஷத்துக்கு ஒண்ணா விழற வளையம். ஊரை ஒட்டின ஒரெஸ்தியாஸ் ஏரிச் சேத்துல காத்து படாம கிடந்ததால மரமெல்லாம் மக்கல, 787 துண்டு ஆராய்ஞ்சிருக்காங்க, ஜூனிபர், ஓக் மரங்கள்தான் முக்கியமா. ஈர மரத்தோட குறுக்குவெட்டை பிளேடால மழமழன்னு சீவி ஓக்கா இருந்தா சாக்பீஸ் தூளைத் தேய்ச்சா போதும், வசந்தத்துல வளர்ந்த பெரிய துளைகள்ல வெள்ளை அடைஞ்சு ஒவ்வொரு வளையமும் பளிச்சுனு தனியா தெரியும், எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச இடம் இது. மழை பேஞ்ச வருஷம் அகல வளையம், காஞ்ச வருஷம் ஒல்லி வளையம், ஒரே வட்டாரத்து மரங்கள்ல அந்த வரிசை ஒத்துப்போகும், அப்படிப் பொருத்திப் பொருத்தி 303 வருஷ வரிசை கட்டிட்டாங்க.

ஆனா அந்த வரிசை எந்த நூற்றாண்டுல உக்காரும்? மத்திய ஐரோப்பாவுல இன்னிக்கு வரைக்கும் அறுபடாம வர்ற ஓக் வரிசை 10,000 வருஷத்துக்கு மேல இருக்கு, சுவிட்சர்லாந்து ஏரிக்கரை ஊர்கள்ல கிடைச்ச தூண்களை அதோட நேரா ஒப்பிட்டுடலாம். கிரீஸ்ல அவ்வளவு தூரம் போற வரிசை இல்ல.

இங்கதான் கார்பன் கைகொடுக்குது. கி.மு. 5259ல சூரியத் துகள் தாக்கி காத்துல கார்பன்-14 (கார்பன் டேட்டிங்ல அளக்கற கதிரியக்கக் கார்பன்) சட்டுனு எகிறியிருக்கு, அந்த வருஷம் மரம் போட்ட வளையத்துலயும் அது ஏறிடும், வருஷம் ஏற்கெனவே தெரிஞ்ச வேற ஊர் மரங்கள்ல அது பதிவாகியிருக்கு. இந்த மாதிரி ஏத்தத்தை முதல்ல கண்டுபிடிச்சது ஜப்பான்ல ஃபூசா மியாகே, 2012ல, அது கி.பி. 774-775க்கானது. பெர்ன் பல்கலைக்கழக டீம் டிஸ்பிலியோ ஜூனிபர் வளையங்களை ஒவ்வொண்ணா பிரிச்சு கார்பன்-14ஐ அளந்தப்போ அந்த கி.மு. 5259 ஏத்தம் கிடைச்சுது, அந்த வளையம் 5259னு ஆயிட்டா மிச்சத்தை எண்ணிட வேண்டியதுதான். கடைசி வளையம் கி.மு. 5140, கட்டட வேலை நடந்தது 188 வருஷம். 2024ல வெளியிட்டாங்க.

நூறு வருஷம் முன்னபின்னன்னா தாத்தா நட்ட தூணும் பேரன் நட்ட தூணும் ஒண்ணாயிடும். இப்ப யாருக்கு அப்புறம் யார் கட்டினாங்கன்னே பார்க்கலாம், அதனாலதான் இதை இவ்வளவு பெருசா எழுதினேன். உங்க சந்தேகம் நிக்கிற இடமும் ஒண்ணு இருக்கு, பட்டைக்குக் கீழ இருக்கற கடைசி வளையம் போயிருச்சுன்னா மரம் வெட்டின வருஷம் கிடைக்காது, அதுக்கு அப்புறம் எப்பவோன்னுதான் சொல்லலாம்.