பர்வதமலை கடப்பாறை ஏத்தம்: பயப்படுற ஃப்ரெண்டை எப்படி கூட்டிட்டுப் போறது?

ப்ரோ, வீக்எண்டுல அஞ்சு பேர் திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்குற பர்வதமலை போறோம், ஆளுக்கு பத்து கிலோ பை, ஒருத்தனுக்கு உயரம்னா பயம், பாறையில அடிச்சிருக்குற இரும்புக் கடப்பாறையையும் சங்கிலியையும் பிடிச்சு ஏறுற கடப்பாறை ஏத்தத்துல என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல பையைக் குறைங்க, அதுதான் முக்கியம். மலை 4,500 அடிக்கு மேல, படிக்கட்டு முடிஞ்சு பாறை ஆரம்பிச்சதும் பை பின்னாடி இழுக்க ஆரம்பிச்சிடும், அதனால டென்ட் எல்லாம் வேண்டாம், தண்ணி மட்டும் ஆளுக்கு மூணு லிட்டர் கண்டிப்பா வேணும், அதை முதுகை ஒட்டின மாதிரி வைங்க.

பயப்படுறவரை நடுவுல விடுங்க, அவருக்குக் கீழ பழகின ஆள் ஒருத்தர் வந்து அடுத்த கால் எங்க வைக்கணும்னு சொல்லிட்டே இருக்கணும். ரெண்டு கை ரெண்டு கால்ல மூணு எப்பவும் பிடியில இருக்கணும், ஒண்ணுதான் நகரணும். நான் போனப்ப கை வேர்த்து சங்கிலி வழுக்குச்சு, சட்டையில துடைச்சு துடைச்சுத்தான் ஏறினேன். மத்தியானம் இரும்பு நல்லா சுடும், அதனால விடியக்காலையிலயே ஏறிடுங்க.

இறங்குறதுதான் நிஜமாவே கஷ்டம், பாறையைப் பாத்த மாதிரி திரும்பி இறங்கச் சொல்லுங்க. இடி மழை வர்ற மாதிரி இருந்தா அந்த இரும்புப் பக்கமே போகாதீங்க ப்ரோ, ப்ளீஸ். அவர் அங்க நின்னு முடியலைன்னு சொன்னா கட்டாயப்படுத்தாதீங்க, உங்கள்ல ஒருத்தர் அவர்கூடவே திரும்பிடுங்க.