மரத்தில் பேனா கடைவது: வாசகர் கேள்வி – பதில்

கே: லேத்தில் பேனா கடையக் கற்றுக்கொள்ள ஆசை. இதுவரை உளி பிடித்ததே இல்லை. எந்தப் பேனாவில் தொடங்குவது?

ப: ‘ஸ்லிம்லைன்’ வகையில். திருகினால் முனை வெளியே வரும் பால்பாயின்ட் பேனா அது. கிட்டுக்குள், அதாவது பேனாவின் உதிரிப் பாகங்கள் அடங்கிய பொட்டலத்துக்குள், 7 மி.மீ. பித்தளைக் குழாய் இரண்டு, எழுதுமுனை, கிளிப், நடுவளையம், திருகு பொறி, ரீஃபில் இருக்கும். டிரில் பிட், மாண்ட்ரல் (மரத்துண்டுகளைக் கோத்து லேத்தில் மாட்டும் கம்பி), டிரிம்மர் (துண்டின் முனைகளைச் சமமாகச் சீவும் கருவி), புஷ்கள் (மரத்தை எந்தத் தடிமன் வரை கடைய வேண்டும் என்று காட்டும் உலோக வளையங்கள்) ஆகியவற்றைத் தனியாக வாங்க வேண்டும். புஷ் மட்டும் அந்தந்தக் கிட்டுக்கு உரியதாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் மரமும் உலோகமும் சேரும் இடத்தில் படி தட்டும்.

மரம் கெட்டியாகவும் நன்றாகக் காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். ஈர மரம் கடைந்த பிறகு சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது, மரம் வெடித்துவிடும். 19 மி.மீ. சதுரத்தில் 130 மி.மீ. நீளத் துண்டு ஒன்று ஒரு பேனாவுக்குப் போதும்.

கே: துளை போடும்போது பிட் வெளிவரும் பக்கம் மரம் பிளந்துவிடுகிறது. ஏன்?

ப: பிட் வெளியேறும் இடத்தில் நாரைத் தாங்க அடியில் ஒன்றும் இல்லை. அதனால்தான் பிய்கிறது. மரத்துண்டை இரண்டாக வெட்டும்போது, ஒவ்வொரு பாதியையும் அதற்கான குழாயைவிட 10 மி.மீ. நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். துளையை மறுபக்கம் வரை கொண்டுபோகாமல், குழாயின் நீளத்தைக் கொஞ்சம் தாண்டியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ரம்பத்தால் அறுத்து எடுங்கள். அப்படிச் செய்தால் பிளக்க இடமே இருக்காது.

நிமிடத்துக்கு 500 சுற்று அளவில் நிதானமாகத் துளையுங்கள். 10 மி.மீ. இறங்குவதற்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்துத் தூளைத் தட்டுங்கள். தூள் அடைத்தால் பிட் சூடேறும், மரத்தில் மயிர்க்கோடாக விரிசல் விழும். அது அப்போது தெரியாது, கடைந்து முடித்த பிறகுதான் கண்ணில் படும். இன்னொன்று: துண்டை இரண்டாக வெட்டும் முன் குறுக்கே பென்சிலால் சாய்கோடு போட்டு, இரு பாதியையும் நடுப்பக்கத்திலிருந்தே துளையுங்கள். பிட் கொஞ்சம் விலகினாலும் நடுவில் மரத்தின் ரேகை பொருந்தி நிற்கும்.

கே: பசை தடவிய குழாய் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. காப்பாற்ற முடியுமா?

ப: பெரும்பாலும் முடியாது. புதுத் துண்டு எடுப்பதே மேல். நீர்த்த சூப்பர் குளூ நொடிகளில் இறுகிவிடும். கெட்டியான வகையையோ ஐந்து நிமிட எபாக்ஸியையோ பயன்படுத்துங்கள். முதலில் பசையில்லாமல் குழாயை நுழைத்துப் பாருங்கள். குழாயின் மேல்பரப்பை 150 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். பசை உள்ளே போகாதபடி வாயை மெழுகால் அடைத்து, திருகிக்கொண்டே நிறுத்தாமல் தள்ளுங்கள்.

இறுகிய பிறகு டிரிம்மரால் இரு முனைகளையும் சமன் செய்ய வேண்டும். பித்தளை வளையமாகப் பளிச்சென்று தெரிந்த கணமே நிறுத்துங்கள். அதற்கு மேல் சீவினால் குழாயே குட்டையாகி, பேனாவைத் திருகி மூடினாலும் ரீஃபில் முழுவதும் உள்ளே போகாது. குழாய்க்குள் ஒட்டிய பசையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். கடைசியில் பாகங்களை அழுத்திப் பொருத்தும்போது மரம் வெடிப்பதற்கு அடிக்கடி காரணமாவது அந்தப் பசைதான்.

கே: புஷ் அளவுக்குக் கடைந்தும், ஒரு பக்கம் மரம் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் இருக்கிறது. உளி பிடிப்பதில் கோளாறா?

ப: உளியைக் குறை சொல்ல வேண்டாம், மாண்ட்ரலைப் பாருங்கள். மெல்லிய கம்பி அது. அதன் நட்டை இறுக்கி முறுக்கினாலோ, லேத்தின் மறுமுனையில் அதைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை அழுத்தி வைத்தாலோ வில்லாக வளையும். நட்டை விரலால் முறுக்கும் அளவே போதும். டெயில் ஸ்டாக்கில் உள்ள சென்டர் (மாண்ட்ரலின் முனையைத் தாங்கும் கூம்பு) மாண்ட்ரலோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும் வரை நெருக்கினால் போதும். சென்டர் 60 பாகைக் கூம்பாக இருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா, துண்டின் முனைகள் செங்குத்தாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இவ்வளவுக்கும் சரியாகவில்லையென்றால் மாண்ட்ரலை விட்டுவிட்டு, அதற்கென்றே உள்ள புஷ்களோடு இரு சென்டர்களுக்கிடையே ஒவ்வொரு பாதியாகக் கடையுங்கள். நேரம் கூடுதலாகும். ஆனால் வட்டம் வட்டமாகவே வரும்.

கே: உளி மரத்தைக் கவ்விச் சில்லாகப் பிய்க்கிறது.

ப: உளி மழுங்கியிருக்கும், அல்லது உளியின் சாய்வுமுகம் மரத்தில் படியாமல் நுனி மட்டும் குத்தியிருக்கும். சாய்வுமுகத்தை முதலில் மரத்தில் பதிய வைத்து, பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தி விளிம்பை வெட்ட விடுங்கள். ஸ்கியூ உளியில் (விளிம்பு சாய்வாக இருக்கும் உளி) விளிம்பின் கீழ்ப்பாதி மட்டுமே வெட்ட வேண்டும். மேல்நுனி தொட்டால் கவ்விவிடும். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் மரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி இருக்கட்டும். மரம் மெலிய மெலிய லேத்தை நிறுத்தி அதை நெருக்கி வையுங்கள். முகக்கவசம் இல்லாமல் லேத்தை ஓட்டாதீர்கள். தொங்கும் கைச்சட்டையும் கூடாது.

கே: வெளிர் நிற மரத்தில் முனைகள் மட்டும் கறுத்துவிட்டன. பூசிய சூப்பர் குளூவும் வெண்மேகம் போல மங்கலாக இருக்கிறது.

ப: உப்புத்தாள் புஷ்ஷையும் தேய்த்ததால் வந்த உலோகத்தூள் அந்தக் கறுப்பு. தேய்க்கும்போது புஷ்களுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூம்புகளை மாட்டுங்கள். சூப்பர் குளூ அவற்றில் எளிதில் ஒட்டுவதும் இல்லை. வெண்மை வருவது தடிமனாகப் பூசுவதாலோ ஈரத்தாலோ. மெல்லிய பூச்சாக எட்டுப் பத்து முறை பூசி, ஒவ்வொன்றும் காய விடுங்கள். பூசுவதற்குக் காகிதத் துவாலைதான் வேண்டும். பருத்தித் துணி சூப்பர் குளூவோடு சேர்ந்தால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அந்த ஆவி கண்ணை எரிக்கும்.