விலா எலும்பு தெரிகிறதே, சாப்பாடு போடுவதில்லையா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேட்டை நாய் வளர்ப்பவர்களுடையவை. கொழும்பில் வேட்டை ஏது என்று கேட்கலாம், ஆனால் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் பீகிளும் தொடர்மாடிகளுக்குள் வந்து கனகாலமாகிவிட்டது. ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த உடம்பு அது, காட்டில் இருந்தாலும் காலி வீதியில் இருந்தாலும் அதற்கு வேண்டியது ஒன்றுதான். ஆகவே இம்முறை முழுப் பக்கமும் அவற்றுக்கே.

கேள்வி: எங்களிடம் இரண்டு வயதுச் சிப்பிப்பாறை ஒன்று இருக்கிறது. லிஃப்டில் ஏறினால் யாராவது ஒருவர், "விலா எலும்பு தெரிகிறதே, சாப்பாடு போடுவதில்லையா?" என்று கேட்காமல் விடுவதில்லை. மாமி இரக்கப்பட்டு நெய்ச்சோறு ஊட்டத் தொடங்கிவிட்டார். அவன் உண்மையிலேயே மெலிவா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, லிஃப்டில் கேட்பவர்களை விடுங்கள், உங்கள் கையைக் கேளுங்கள். ஒரு கையை மேசையில் விரித்து வைத்து, மற்றக் கை விரலால் அதன் புறங்கையைத் தடவிப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் நாயின் விலா அப்படித்தான் தட்டுப்படும். முஷ்டி மடக்கினால் விரல் மொழிகள் துருத்தி நிற்குமே, அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தொடுவதுபோல மெத்தென்று இருந்தால் கொழுப்பு. லாப்ரடோர் வளர்த்த கண்ணுக்குச் சிப்பிப்பாறை எப்போதும் பட்டினி கிடப்பதுபோலத்தான் தெரியும். பார்வையால் துரத்தும் வேட்டை நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதும், இடுப்பெலும்பின் முனை லேசாகத் தெரிவதும் இயல்பு. நான் முதலில் பார்ப்பது விலாவை அல்ல, பின்னந்தொடையையும் முதுகையும். தொடை திரண்டு இறுகி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சதை நிரம்பியிருந்தால் அந்த நாய் சுகமாக இருக்கிறது. தொடை வற்றி முதுகெலும்பு கத்திபோல நின்றால்தான் கவலை, அப்போது குடற்பூச்சியா உண்ணிக்காய்ச்சலா என்று இரத்தமும் மலமும் பார்க்க வேண்டும்.

மாமியின் அன்பு எனக்கு விளங்குகிறது, ஆனால் நெய்ச்சோறு வேண்டாம். ஓட்டமில்லாத நாளில் அந்தக் கொழுப்பு உடம்பில்தான் தங்கும், சில நாய்களுக்குக் கணையமே வீங்கிவிடும். அவர் கையால் ஊட்ட ஆசைப்பட்டால் அவித்த முட்டையோ, உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த மீனோ கொடுக்கட்டும். கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம். வெங்காயம், உள்ளி போட்ட கறிச்சோறும், சமைத்த கோழி எலும்பும் கூடவே கூடாது. வீட்டுச் சாப்பாடு மட்டும் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சோறும் இறைச்சியும் மட்டும் என்றால் சுண்ணாம்புச்சத்து போதாது. அதற்காகக் கல்சியம் குளிசையை அள்ளிக் கொடுக்கவும் கூடாது, வளரும் குட்டிக்கு அது கூடினாலும் எலும்பு கோணும். ஒரு வேளை நல்ல பக்கெற் உணவு, ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வது பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவரும்.

இன்னொன்று, இதை ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டுங்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே வேளையில் நிறையப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்காவது ஓட விடாதீர்கள். வயிறு பறைபோல உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல், இருக்க முடியாமல் அலைந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் சத்திரசிகிச்சை வசதி உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மணித்தியாலக் கணக்கில் போய்விடும் உயிர் அது.

கேள்வி: போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் ராஜபாளையத்தைக் கடற்கரையில் ஓட விட்டேன். அரை மணிநேரத்தில் கால் தள்ளாடி விழுந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி நிழலில் கிடத்தியதும் எழும்பிவிட்டது. இதயக் கோளாறாக இருக்குமா? (வாசகர், தெஹிவளை)

பதில்: ஐயா, இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஆனால் நீங்கள் சொல்வது அநேகமாக வெப்பம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயின் ஈரத்தைக் காற்றில் விட்டுத்தான் அது தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பிக் கிடப்பதால் அந்த வழி பாதி அடைபட்டுவிடுகிறது. மழை விட்டு வெயில் எறிக்கும் புழுக்கமான நாள் இன்னும் மோசம். வேட்டை நாயிடம் இன்னொரு பிரச்சினை, அது களைத்தாலும் தானாக நிற்காது. நிறுத்த வேண்டியவர் நீங்கள்.

நாயின் சாதாரண உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை எல்லாம் பழுதாகத் தொடங்கும். நீங்கள் தண்ணீர் ஊற்றியது மிகச் சரியான காரியம். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து நூலாக வடிந்து, நடை தள்ளாடினால் முதலில் அந்த இடத்திலேயே குளிர்த்துங்கள், வைத்தியரிடம் போவது அதற்குப் பிறகு. உடம்பெல்லாம், முக்கியமாக வயிறும் தொடையிடுக்கும் நனைய நனைய ஊற்றி, ஃபேன் காற்றிலோ வான் ஜன்னல் காற்றிலோ வையுங்கள். ஈரத் துவாயால் போர்த்திவிடாதீர்கள், அது கொஞ்ச நேரத்தில் சூடாகி வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். 39.5-க்கு வந்ததும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மேல் குளிர்ந்துவிடும். எழும்பி வாலாட்டினாலும் அன்றைக்கே காட்டுங்கள், ஏனென்றால் சிறுநீரகப் பாதிப்பு ஓரிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

இனிமேல் ஓட்டம் விடிய ஆறு மணிக்கு. பின்னேரம் என்றால் சூரியன் இறங்கி, தார் ரோட்டில் புறங்கையை ஏழு செக்கன் வைத்திருக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். கிழமை முழுவதும் பல்கனியில் படுத்துக் கிடந்துவிட்டு ஞாயிறன்று மட்டும் பேய் ஓட்டம் ஓடினால் தசையும் கிழியும், உள்ளங்காலும் உரியும். தினமும் முப்பது நாற்பது நிமிடம் வேகநடை, கிழமையில் இரண்டு மூன்று நாள் பாதுகாப்பான மைதானத்தில் கொஞ்ச நேரம் முழு ஓட்டம், இப்படிப் படிப்படியாகக் கூட்டுங்கள். கடற்கரையில் கயிறு இல்லாமல் விடவே வேண்டாம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் தண்டவாளம் கடலோடு ஒட்டிப் போகிறது, ஒரு காகத்தைக் கண்டு பாய்ந்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது.

கேள்வி: உண்ணியைத் தினமும் பிடுங்கி எறிகிறோம், மறுநாள் அதே அளவு இருக்கிறது. மண்ணெண்ணெய் பூசலாம் என்கிறார்கள். (வாசகி, வத்தளை)

பதில்: மண்ணெண்ணெய் வேண்டாம் அம்மா! தோல் வெந்துவிடும், நக்கினால் நுரையீரலுக்கும் ஆபத்து. நீங்கள் பிடுங்குவது நாயின் மேல் இருப்பதை மட்டும்தான், மிச்சம் எல்லாம் உங்கள் சுவரில் இருக்கிறது. நம் நாய்களில் அதிகம் காணும் கபில நிற உண்ணி, குஞ்சு, இளசு, முற்றியது என்று ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் ஒளிந்து தோல் உரித்து, மறுபடி நாயில் ஏறும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ஆகவே நாய் படுக்கும் இடத்து வெடிப்புகளைப் பூசி அடையுங்கள், படுக்கைத் துணியைக் கொதிநீரில் போடுங்கள், நாய்க்கு வைத்தியர் சொல்லும் உண்ணிக் குளிசையைத் தவறாமல் கொடுங்கள். மாதம் ஒன்று கொடுப்பதும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுப்பதும் உண்டு. வலிப்பு வந்த நாய் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து மாற வேண்டியிருக்கும். குறைந்தது மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தால்தான் வீடு சுத்தமாகும்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், ஓடித் திரிந்த நல்ல நல்ல நாய்களை உண்ணிக்காய்ச்சல் படுக்கையில் போட்டதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுவது, ஓட்டத்தில் பின்தங்குவது, ஈறு வெளிறுவது, சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போவது, மூக்கால் இரத்தம் வருவது, இதில் ஒன்றைக் கண்டாலும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணி பரப்பும் கிருமிகளில் எர்லிகியாவுக்கு டொக்சிசைக்ளின் என்ற மருந்து கேட்கும், பபேசியாவுக்கு அது மட்டும் போதாது. பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த மிச்சக் குளிசையைக் கொடுத்து நாளைக் கடத்தினால் நாய் தப்பாது.

கேள்வி: பீகிளின் காது நாறுகிறது. நிறையும் 19 கிலோ. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் இரண்டும் கவனிக்க வேண்டியவை. தொங்கும் காதுக்குள் காற்றோட்டம் குறைவு, நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கே பூஞ்சணம் சும்மா வளரும். குளிப்பாட்டினால் காதை உலர்த்துங்கள், கிழமைக்கொருமுறை காது கழுவும் திரவத்தை விட்டுப் பிசைந்து பஞ்சால் துடையுங்கள், குச்சி விட்டுக் குடையாதீர்கள். இப்போது நாற்றம் இருப்பதால் முதலில் வைத்தியர் செவிப்பறையைப் பார்க்கட்டும். நிறை? பீகிளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ போதும். அது மோப்ப நாய், எவ்வளவு தின்றாலும் இன்னும் வேண்டும் என்றுதான் சொல்லும், அந்தக் கண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாப்பாட்டை அளந்து போடுங்கள், பாணும் பிஸ்கட்டும் நிறுத்துங்கள், அரைவாசிச் சாப்பாட்டை வீட்டுக்குள் ஒளித்து வைத்து மோந்து தேட விடுங்கள், அதற்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

கேள்வி: கிரேஹவுண்ட் கலப்புப் பெட்டைக்குக் கருத்தடை செய்யப் போகிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: "இது கிரேஹவுண்ட் கலப்பு" என்று மயக்க மருந்துக்கு முன்பே சொல்லுங்கள். இந்த இனங்களில் கொழுப்பு குறைவு, சில பழைய மயக்க மருந்துகளை இவற்றின் ஈரல் மெதுவாகத்தான் கழிக்கும், தயோபென்டோன் கொடுத்தால் நாள் முழுக்க எழும்பாமல் கிடக்கும். வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இரத்தப் பரிசோதனையில் சிவப்பணு அளவு கூடுதலாகவும் தைரொயிட் குறைவாகவும் வந்தால் பதற வேண்டாம், அந்த இனத்துக்கு அது வழக்கம்.

கேள்வி: வன்னியில் மாமாவோடு பன்றி வேட்டைக்கு என் இரண்டு நாய்களையும் கூட்டிப்போக நினைக்கிறேன். என்ன ஊசி போட வேண்டும்? (வாசகர், மட்டக்குளி)

பதில்: தம்பி, கூட்டிப்போகாதீர்கள். நாய் பன்றிக்கு மட்டும் பாயாது, மானுக்கும் மரைக்கும் பாயும், அவை சட்டம் காக்கும் உயிர்கள், வழக்கு உங்கள் மேல் வரும். நாயின் பக்கமும் சொல்கிறேன். அங்கே கம்பியில் கால் பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு இருக்கிறது, கம்பிக் கண்ணி இருக்கிறது, இரைக்குள் வெடிமருந்து வைத்த ஹக்கபட்டாஸ் இருக்கிறது. யானையின் தாடையையே சிதைப்பது அது, உங்கள் நாய் முகர்ந்து கவ்வினால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். பன்றிக் கொம்புக் காயம் வெளியே சின்னத் துளையாகத் தெரியும், உள்ளே நெஞ்சறைவரை கிழிந்திருக்கும்.

ஊசியை வேட்டைக்காக அல்ல, மட்டக்குளியில் இருப்பதற்காகப் போடுங்கள். வெள்ளம் வடிந்த சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் ஊசி வருடாவருடம் வேண்டும், டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகளை வைத்தியர் சொல்லும் கணக்கில் போடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரத் துறை இலவசமாகவே போடுகிறது, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை பூச்சிக் குளிசையும் கொடுங்கள். 1911-இல் விவரிக்கப்பட்ட ஒரு கொழுக்கிப்புழுவுக்கு நம் தீவின் பழைய பெயரையே வைத்து ஆன்சிலொஸ்டோமா சிலானிக்கம் என்கிறார்கள், அது நாயிலிருந்து மனிதருக்கும் ஒட்டும். முற்றத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுவார்கள் என்றால் நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.