வங்கிச் செயலி பயன்படுத்த எளிதா என்று எப்படிச் சோதிப்பது?
நாலு பேரிடம் கொடுத்து 'நல்லா இருக்கா' என்று கேட்டால் போதுமா என்கிறீர்கள். போதாது, எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். மன்னார்குடிப் பக்கம் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ஒருவரிடம், பணம் கணக்கில் ஏறிவிட்டதா பாருங்கள் என்று சொல்லுங்கள்: யுபிஐ செயலியில் இருப்பைப் பார்க்கவே பின் (PIN) என்ற ரகசிய எண்ணைக் கேட்கும், பணம் அனுப்பும்போதும் அதே பின்தான், அதனால் காசு போய்விடுமோ என்று விரல் அப்படியே நின்றுவிடும். அந்தத் தயக்கத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

பயன்பாட்டு எளிமைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9241-11 பார்க்கச் சொல்வதும் இதைத்தான்: வேலை முடிந்ததா, எவ்வளவு நேரமும் சிரமமும் ஆனது, திருப்தியா. அப்புறம் பயன்படுத்த எளிதாக இருந்ததா என்று அளக்கும் எஸ்யுஎஸ் (SUS) என்ற 10 கேள்விப் படிவம் கொடுங்கள். அதில் 100-க்கு 68 என்பது சராசரி மதிப்பெண், அது சதவீதம் இல்லை.

சிக்னல் விட்டுவிட்டு வரும் வயல்வெளியில், வெயிலில் வைத்தும் பாருங்கள். பரிவர்த்தனை பாதியில் நின்றால் பணம் போனதா, திரும்ப வருமா என்று செயலி தெளிவான தமிழில் சொல்கிறதா? எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

சரி, சோதனைக்கு 1 ரூபாய் அனுப்பினால் போதும். அவர் பின் அழுத்தும்போது பார்க்காதீர்கள்.