ஆற்றுக் கேள்விகள்: பொக்லைனை ஓரமாக நிறுத்திவிட்டு வாருங்கள்

காவிரிக் கரையில் இருபது வருடத்துக்கு மேல் கரைப் பராமரிப்பு வேலை பார்த்தவன். ஆற்றையும் கரையையும் மீட்பது பற்றிக் கேளுங்கள். அணை அரசியல் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஐயா, ஆற்றில் தண்ணீர் ஓடியும் எங்கள் வாய்க்காலில் ஏறுவதில்லை. தலைமதகு பழுதா?

பதில்: மதகு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆறு கீழே போய்விட்டது. மணல் அள்ளியது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு: மேலே அணையில் வண்டலும் மணலும் தங்கிவிடுகின்றன, சுமையில்லாமல் வெளியே வரும் தண்ணீர் போகிற வழியில் படுகையை அரித்துத் தன் சுமையைத் தேடிக்கொள்கிறது. பக்கத்தில் பழைய பாலம் இருந்தால் போய்ப் பாருங்கள், கட்டும்போது தூணுக்குக் கீழே மணலுக்குள் புதைத்த கிணறு வடிவ அடித்தளம் இப்போது எத்தனை அடி வெளியே தெரிகிறதோ, ஏறக்குறைய அத்தனை அடி ஆறு இறங்கியிருக்கிறது. படுகை இறங்கினால் கரை செங்குத்தாகும், அடிமண் போனதும் மேலே நிற்கும் மருதமரம் வேரோடு சாயும், சுற்றுவட்டாரக் கிணறுகளும் கூடவே இறங்கும்.

அதனால் முதலில் மணல் அள்ளுவது நிற்க வேண்டும். அப்புறம் குறுக்கே, மணல் மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கும் தாழ்ந்த சுவர்கள், வெள்ளத்தில் வருகிற மணல் அவற்றின் பின்னால் தங்கட்டும். பிறகு கரையை ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடியாவது படுக்கிற மாதிரிச் சரித்து, அதற்கப்புறம்தான் செடி. நம் ஆட்கள் செடியில் ஆரம்பித்து, போட்டோ எடுத்து, முதல் வெள்ளத்தோடு எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறார்கள்.

கேள்வி: பொக்லைன் வைத்துத் தூர் வாரினால் ஆறு சரியாகிவிடுமா?

பதில்: ஏற்கெனவே இறங்கிய ஆற்றை இன்னும் இறக்குவீர்கள். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கரை முழுக்கச் சீமைக்கருவேலம். ஒரேயடியாகப் பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்க வேண்டியதுதான், ஒரேயடியாக வேண்டாம். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், தூரோடு எடுக்க வேண்டும். தூரோடு எடுத்தால் கரை புண்ணாகும். துண்டு துண்டாக எடுத்து உடனே நொச்சி, வெட்டிவேர் வையுங்கள். வெட்டிவேருக்கு வெயில் வேண்டும், நிழலில் வைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். கரையில் மண் வேலையை மேட்டூர் வழக்கமாக மூடும் ஜனவரி 28-க்கும் திறக்கும் ஜூன் 12-க்கும் நடுவில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: சியோலில் சோங்கேசோன் ஆற்றை இரண்டே வருடத்தில் மீட்டார்கள். இருபுறமும் சுவர், நடைபாதை, எவ்வளவு அழகு! நாம் ஏன் செய்யக்கூடாது?

பதில்: ஆற்றை மூடி அதன்மேல் கட்டியிருந்த மேம்பாலத்தை இடித்தார்கள், அந்தத் துணிச்சலுக்குக் கும்பிடு. 2003-இல் தொடங்கி 2005-இல் திறந்தார்கள், 5.8 கிலோமீட்டர். ஆனால் அதில் ஓடுவது தினமும் சுமார் 1,20,000 டன் பம்பு வைத்து ஏற்றுகிற தண்ணீர், பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து. நல்ல பூங்கா. கரண்ட் போனால் ஆறு நிற்கும் என்றால் அதை நான் ஆறு என்று சொல்ல மாட்டேன்.

அதே நபர்: மீன், பறவை எல்லாம் வந்திருக்கிறதே சார். குறை சொல்வது சுலபம்.

பதில்: வந்திருக்கிறது, மறுக்கவில்லை. நகரத்து நடுவில் வேறு வழியும் இல்லை. ஆனால் அதைக் காட்டி நம்மூரில் ஓடுகிற ஆற்றுக்கே சுவர் கட்டுகிறார்கள் பாருங்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் கிஸிம்மீ ஆறு இருக்கிறது. வளைந்து வளைந்து 166 கிலோமீட்டர் ஓடிய ஆறு. வெள்ளத்துக்குப் பயந்து 1962 முதல் 1971 வரை நேர்க்கோடாக வெட்டி, 90 கிலோமீட்டர் கால்வாயாக்கினார்கள். கரையோரச் சதுப்பு காய்ந்தது, குளிர்காலத்துக்கு வரும் வாத்துகளில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிறகு 1999-இல் தொடங்கி 2021 வரை, வெட்டிய கால்வாயில் சுமார் 35 கிலோமீட்டரைத் தாங்களே மண் போட்டு மூடினார்கள். தண்ணீர் பழைய வளைவுக்குத் திரும்பியது, பறவைகளும் திரும்பின. வெட்ட ஒன்பது வருடம், மூட இருபத்திரண்டு.

அதே நபர்: அவர்களுக்கு நிலம் இருக்கிறது சார். நமக்கு?

பதில்: நியாயமான கேள்வி. அங்கேயும் சும்மா கிடைக்கவில்லை, கரையோர நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். இங்கே ஆற்றுப் புறம்போக்கு என்று ஏட்டில் இருப்பதையாவது அளந்து கல் நடலாம்.

கேள்வி: பக்கத்துத் தோட்டக்காரர் கரையை வளைத்துவிட்டார்.

பதில்: தாலுகா அலுவலகத்தில் புலப்படம், அதாவது நில அளவு வரைபடம், கேளுங்கள். அது என் துறை இல்லை.

கேள்வி: ஆகாயத்தாமரையை எப்படி ஒழிப்பது?

பதில்: சாக்கடை கலப்பதை நிறுத்துங்கள். அது நிற்காமல் எத்தனை லாரி அள்ளினாலும் திரும்ப வரும்.

கேள்வி: மீன்குஞ்சு விடலாமா அண்ணா? ஆப்பிரிக்கக் கெளுத்தி மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: தடை செய்த மீன் தம்பி. இருக்கிற கெண்டையையும் ஆராலையும் அதுவே தின்றுவிடும். விடவே விடாதே.

கேள்வி: தூர் வாரும்போது நாணலையும் எடுத்துவிடலாமா?

பதில்: மறுபடியும் தூரா! நாணல்தான் இப்போதைக்கு உங்கள் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாய்க்காலை வாருங்கள், ஏரியை வாருங்கள், நானே வந்து நிற்கிறேன். ஆற்றுப் படுகைக்குள் மட்டும் அந்த வண்டியை இறக்காதீர்கள்.